செந்தோசாத் தீவில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எது இலவசம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் தென்கரையை ஒட்டி, சுமார் ஐந்து சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கும் செந்தோசா, 1970களின் தொடக்கம் வரை ராணுவத் தீவாக இருந்தது. 1972இல் செந்தோசா மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்ட பிறகே அது உல்லாசத் தீவாக மாறியது. இன்று அங்கே கால் வைத்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சீட்டு விற்பனை முகப்பு எதிர்ப்படுகிறது. ஆகவே, பணமில்லாமல் அங்கே ஒன்றும் செய்ய முடியாது என்ற எண்ணம் பலருக்கும் வந்துவிடுகிறது. அது சரியல்ல. தீவின் நல்ல இடங்களில் பாதி இலவசமானவை. பணம் கொடுத்துப் பார்ப்பவற்றில் சில கொடுத்த காசுக்குத் தகுந்தவை, சில அப்படியல்ல. குடும்பத்தோடு முதல்முறை செல்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது.

தீவுக்குள் நுழைவதற்கே கட்டணம் உண்டா?

நீங்கள் எந்த வழியில் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நடந்து சென்றால் கட்டணம் இல்லை. ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்துக்கு மேலேயே இருக்கும் விவோசிட்டி கடைத்தொகுதியின் கடலோரப் பக்கத்திலிருந்து தொடங்கும் நடைபாலம் உங்களை நேராக, கேளிக்கைப் பூங்காக்களும் சூதாட்டக்கூடமும் உள்ள ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாகத்தில் கொண்டுபோய் விடும். தூரம் சுமார் 700 மீட்டர்; பெரும்பகுதிக்குக் கூரை உண்டு, இடையிடையே நகரும் நடைபாதைகளும் உண்டு. அதே விவோசிட்டியின் மூன்றாம் தளத்திலிருந்து புறப்படும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறினால் ஒருவருக்கு 4 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). இந்தக் கட்டணம் உள்ளே போகும்போது மட்டுமே. தீவிலிருந்து வெளியே வருவதற்கும், தீவுக்குள் நிலையம் விட்டு நிலையம் போவதற்கும் பணம் எடுப்பதில்லை.

123ஆம் எண் பொதுப் பேருந்தும் தீவுக்குள் வருகிறது. அதற்கு வழக்கமான பேருந்துக் கட்டணம்தான். காரில் வந்தால் வாகனத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, அது வரும் நேரத்தைப் பொறுத்து மாறும். மிகவும் செலவாகும் வழி கேபிள் கார். அதைப் போக்குவரத்தாகக் கருதாமல் ஒரு கேளிக்கையாகக் கருதுவதே நியாயம் என்பதால் அதைப் பற்றிப் பின்னர் வருகிறது.

போகும்போது நடந்து செல்லுங்கள், கால் ஓய்ந்து திரும்பும்போது ரயிலில் ஏறுங்கள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இதிலேயே 16 வெள்ளி மிச்சமாகும்.

லிட்டில் இந்தியாவில் தங்கியிருக்கிறோம். அங்கிருந்து எப்படி வருவது?

ரயில் மாற வேண்டியதில்லை. லிட்டில் இந்தியா நிலையமும் ஹார்பர்ஃபிரண்ட் நிலையமும் ஊதா நிறத்தில் குறிக்கப்படும் வடகிழக்கு ரயில் பாதையில் உள்ளவை. ஹார்பர்ஃபிரண்ட்தான் கடைசி நிலையம் என்பதால் தவறவிடுவோமோ என்ற கவலையும் வேண்டாம்.

தீவுக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக எவ்வளவு செலவாகும்?

ஒன்றும் ஆகாது. செந்தோசா எக்ஸ்பிரஸ், தீவுக்குள் சுற்றும் பேருந்துகள், கடற்கரையோரமாக ஓடும் சிறு வண்டி ஆகிய மூன்றும் இலவசம். தீவின் உட்பகுதி மேடும் பள்ளமுமாக இருப்பதால், வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் இடங்கள்கூட நண்பகல் வெயிலில் நடக்கும்போது வெகுதொலைவாகிவிடும். ஆகவே பேருந்து நிறுத்தங்கள் எங்கே உள்ளன என்பதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இலவச இடங்களில் எதைத் தவறவிடவே கூடாது?

சிலோசோ கோட்டையை. தயக்கமில்லாமல் இதை முதலில் வைக்கலாம். தீவின் மேற்குக் கோடியில் இருக்கும் இந்தக் கோட்டை, சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் வரும் கப்பல் வழியைக் காப்பதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷார் அமைத்த பீரங்கித் தளங்களில் ஒன்று. தீவில் இருந்த மற்ற ராணுவத் தளங்கள் சிதைந்தோ, விடுதிகளாகவும் குழிப்பந்து (கோல்ஃப்) திடல்களாகவும் மாறியோ போய்விட, இது மட்டும் பீரங்கிகள், சுரங்க வழிகள், வெடிமருந்து அறைகள் ஆகியவற்றோடு ஓரளவு முழுமையாக நிற்கிறது. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்து 80 ஆண்டுகள் நிறைந்த 2022இல் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கோட்டைக்குப் போகும் வழியே தனி அனுபவம். 2015இல் திறக்கப்பட்ட வான்நடைபாதைக்குப் பதினொரு மாடி உயரம் மின்தூக்கியில் ஏறிப்போய், 181 மீட்டர் நீளத்துக்கு மரங்களின் உச்சியை ஒட்டி நடந்தால் கோட்டையின் வாசலை அடையலாம். இதற்கும் கட்டணம் இல்லை. நடைபாதையிலிருந்து பார்த்தால் ஒருபுறம் துறைமுகமும் மறுபுறம் கடலில் நிற்கும் கப்பல்களும் தெரியும். கேபிள் காருக்குப் பணம் கொடுத்துப் பார்க்கும் காட்சியில் கணிசமான பகுதியை இங்கேயே பார்த்துவிடலாம்.

உள்ளே, சரணாகதி அறைகள் என்ற காட்சிக்கூடத்தில் இரண்டு நிகழ்வுகள் மெழுகுச் சிலைகளாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. ஒன்று 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தது. மற்றொன்று 1945 செப்டம்பர் 12 அன்று ஜப்பானியப் படைகள் மவுண்ட்பேட்டன் முன்னிலையில் சரணடைந்தது. சிங்கப்பூரின் பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்துத் திரும்பியிருந்ததால்தான் வடக்கிலிருந்து நிலவழியாக வந்த ஜப்பானியரைத் தடுக்க முடியவில்லை என்று நெடுங்காலமாகச் சொல்லப்படும் கதை உங்கள் காதிலும் விழுந்திருக்கலாம். உண்மையில் பல பீரங்கிகளை நிலப்பக்கம் திருப்ப முடிந்தது, திருப்பிச் சுடவும் செய்தார்கள். ஆனால் அவற்றின் குண்டுகளில் பெரும்பாலானவை போர்க்கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்காகச் செய்யப்பட்டவை. பரவி வரும் காலாட்படைக்கு எதிராக அவற்றால் பெரிய பயன் இல்லை. பீரங்கியின் பக்கத்தில் நின்றுகொண்டு பிள்ளைகளுக்கு இதை விளக்கும்போது அவர்கள் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போவது நல்லது. கொசு விரட்டும் களிம்பு அவசியம்.

கோட்டை தவிர வேறு வரலாற்றுத் தடங்கள் உண்டா?

இம்பியா குன்றில் பழைய பீரங்கி மேடு ஒன்று காட்டு நடைபாதையோரம் இருக்கிறது. ஜப்பானிய ஆட்சியின் தொடக்கத்தில் கொல்லப்பட்ட சீனர்களின் உடல்கள் இத்தீவின் கரையில் ஒதுங்கியதும், இங்கே போர்க்கைதிகளாக இருந்த பிரிட்டிஷ் வீரர்கள் அவற்றைப் புதைத்ததும் தீவின் கொடிய அத்தியாயம். இன்னொரு செய்தி பெரும்பாலான வழிகாட்டிகளில் வராது. 1966இலிருந்து விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டிருந்த எதிர்க்கட்சி அரசியல்வாதி சியா தை போ, 1989இல் வெளியே விடப்பட்டபோது இந்த உல்லாசத் தீவின் ஒரு காவலர் குடிலில்தான் வசிக்குமாறு கட்டுப்படுத்தப்பட்டார். சுற்றுலாப் பயணிகள் விளையாடிக் களித்த அதே தீவில் அவர் 1992 வரை இருந்தார். பிற்காலத்தில், 2018 ஜூன் 12 அன்று, அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் வடகொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னும் சந்தித்த கபெல்லா விடுதியும் இங்கேதான் இருக்கிறது.

மூன்று கடற்கரைகள் என்கிறார்களே, எதற்குப் போவது?

சிலோசோ, பலவான், தஞ்சோங் என்று மேற்கிலிருந்து கிழக்காக மூன்றும் அடுத்தடுத்து உள்ளன. மூன்றுக்கும் நுழைவு இலவசம். இளைஞர் கூட்டமும் இசையும் கரைப்பந்தாட்டமும் வேண்டுமானால் சிலோசோ. சிறு பிள்ளைகள் இருந்தால் பலவான். அங்கே அலை மிகக் குறைவு. அமைதியாக ஒரு விரிப்பைப் போட்டுப் படுத்திருக்க விரும்பினால் தஞ்சோங். பேருந்து நிறுத்தத்திலிருந்து விலகி விலகிப் போகப் போகக் கூட்டம் குறையும் என்பது இங்கேயும் பொருந்தும்.

இவை இயற்கையாக இப்படி அமைந்த கரைகள் அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. மணல் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டப்பட்டது; எதிரே உள்ள சிறு திட்டுகள் அலையைத் தடுப்பதற்காக அமைக்கப்பட்டவை. உலகின் மிகப் பரபரப்பான கப்பல் வழிகளில் ஒன்று முன்னால் போவதால், தண்ணீர் மாலத்தீவின் படங்களில் பார்ப்பதுபோல் பளிங்காக இருக்காது. ஆனாலும் குளிக்கலாம், நீந்தலாம். உயிர்க்காப்பாளர்கள் பணியில் இருப்பார்கள். குளித்த பின் உப்பைக் கழுவிக்கொள்ளக் கரையோரமாக நீர்த்தூவிகள் உண்டு. மாற்று உடையும் துண்டும் கையில் இருந்தால் ஒரு வெள்ளியும் செலவில்லாமல் அரை நாளைக் கழித்துவிடலாம்.

பலவான் கடற்கரைதான் ஆசியக் கண்டத்தின் தென்கோடி என்று பலகை இருக்கிறதாமே?

இருக்கிறது. கரைக்கு எதிரே உள்ள திட்டில் அந்தப் பலகையும் காட்சிக் கோபுரங்களும் உள்ளன. தொங்குபாலம் திறந்திருக்கும் வேளையில் போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம், இலவசம். ஆனால் தீவிலிருந்து தீவுக்குப் பாலம் போட்டதையெல்லாம் கண்டத்தின் நிலமாகக் கணக்கிட்டால்தான் அந்தப் பெருமை நிற்கும். ஆசியப் பெருநிலத்தின் உண்மையான தென்முனை மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் உள்ள தஞ்சோங் பியாய். படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்பது உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது.

செந்தோசாவில் இருந்த பெரிய மெர்லயன் சிலை எங்கே?

இப்போது இல்லை. சிங்கத் தலையும் மீன் உடலுமாக 37 மீட்டர் உயரத்தில் நின்ற அந்தச் சிலை 2019 அக்டோபரில் மூடப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு அதைத் தேடி வருபவர்கள் இன்றும் உண்டு. நீர் உமிழும் மெர்லயனைப் பார்க்க வேண்டுமானால் நகரின் மெரினா விரிகுடாவுக்குத்தான் போக வேண்டும், அதுவும் இலவசமே.

சிலை இருந்த வழியில் 2024 மார்ச்சில் சென்சரிஸ்கேப் என்ற ஈரடுக்கு நடைவழி திறக்கப்பட்டது. ரிசார்ட்ஸ் வேர்ல்டு பக்கத்திலிருந்து கடற்கரை வரை 350 மீட்டர் நீளத்துக்குப் போகும் இதில், மணம், ஒலி, தொடுகை என்று ஐம்புலன்களையும் மனத்தில் வைத்து அமைத்த தோட்டங்கள் இருக்கின்றன. பகலில் இது நிழலும் செடிகொடிகளும் உள்ள ஒரு நல்ல நடைபாதை, அவ்வளவே. இருட்டிய பிறகு ஒளிக்காட்சிகள் தொடங்கும்போதுதான் இதற்காகச் செய்த செலவு எதற்கென்று தெரியும். ஆகவே கடற்கரையிலிருந்து திரும்பும் வழியாக இதை வைத்துக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது.

காட்டுக்குள் நடக்க வழி உண்டா?

உண்டு. இம்பியா குன்றைச் சுற்றிய நடைபாதைகள் குறுகியவை, ஆனால் உண்மையான இரண்டாம்நிலைக் காடு, அதாவது அழிந்த காடு மீண்டும் வளர்ந்தது. மயில்கள் சாலையிலேயே உலவும்; குரங்குகளும் கண்ணில் படும். எந்த விலங்குக்கும் தீனி போடாதீர்கள். சிங்கப்பூரில் காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. குரங்கு இருக்கும் இடத்தில் கையில் பிளாஸ்டிக் பை தொங்கவிடுவதையும் தவிர்க்க வேண்டும். அதற்குள் தீனி இருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும்.

பணம் கொடுத்துப் பார்க்க ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால்?

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உடன் வந்தால் யுனிவர்சல் ஸ்டூடியோஸ். 2010இல் திறக்கப்பட்ட இந்தக் கேளிக்கைப் பூங்காவின் சீட்டு தீவிலேயே விலை கூடியவற்றில் ஒன்று. ஆனால் ஒரு முழுப் பகலை அது எடுத்துக்கொள்ளும் என்பதால், மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும் சிறு கேளிக்கைகளைவிட மலிவாகவே படும். இந்தக் கணக்கைத் தீவின் எல்லாச் சீட்டுகளுக்கும் போட்டுப் பாருங்கள், முடிவெடுப்பது எளிதாகிவிடும்.

சீட்டு வாங்குவதற்கு முன் பிள்ளைகளின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒன்றையொன்று துரத்திப் பாய்வதுபோல் அமைந்த இரட்டை ரோலர் கோஸ்டரில் ஏறக் குறைந்தது 125 சென்டிமீட்டரும், இருட்டுக்குள் ஓடும் மம்மி கோஸ்டரில் ஏற 122 சென்டிமீட்டரும் வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தாலும் ஊழியர்கள் விடமாட்டார்கள். வாசல் வரை வரிசையில் நின்றுவிட்டு அழும் பிள்ளையைத் தேற்றுவது பெற்றோருக்குப் பெரும்பாடு. உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு 2025இல் திறக்கப்பட்ட மினியன் லேண்ட் பகுதியிலும், ஷ்ரெக் கோட்டைப் பகுதியிலும் செய்வதற்கு நிறைய உண்டு.

வரிசையைத் தாண்டிச் செல்ல உதவும் எக்ஸ்பிரஸ் சீட்டு தேவையா என்பது நாளைப் பொறுத்தது. சிங்கப்பூரின் பள்ளி விடுமுறைகள் ஜூனிலும், நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் இறுதி வரையிலும் வருகின்றன. அப்போதும் வார இறுதிகளிலும் கூட்டம் மிகுதி. சாதாரண வாரநாளில் திறக்கும் நேரத்துக்கே போய், முதல் ஒரு மணி நேரத்தில் பெரிய கோஸ்டர்களை முடித்துவிட்டால் அந்தக் கூடுதல் செலவு தேவைப்படாது. பூங்கா எல்லா நாள்களிலும் ஒரே நேரத்தில் திறந்து மூடுவதில்லை என்பதால், தேதியைக் குறிப்பதற்கு முன் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் அன்றைய நேரத்தைப் பாருங்கள்.

உள்ளே போக விருப்பமில்லாதவர்கள் வாசலில் சுழலும் உலக உருண்டை முன் நின்று இலவசமாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். வருபவர்களில் பெரும்பாலோர் செய்வது அதைத்தான்.

சிறு பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் உடன் வந்தால்?

அப்போது கடலகம் நல்ல தேர்வு. முன்பு சீ அக்வேரியம் என்ற பெயரில் இருந்ததை ஏறத்தாழ மூன்று மடங்காக விரிவாக்கி, 2025 ஜூலையில் சிங்கப்பூர் ஓஷனேரியம் என்ற பெயரில் திறந்தார்கள். முழுக்கக் குளிரூட்டப்பட்டது, சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் தடையின்றிப் போகும், மழை வந்தாலும் கவலையில்லை. திருக்கைகள் தலைக்கு மேல் மிதந்து போவதைப் பெரிய கண்ணாடிச் சுவருக்கு முன் உட்கார்ந்தபடியே முதியவர்கள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இலவச இடங்களில் முதியவர்களுக்கு வான்நடைபாதை ஏற்றது, மின்தூக்கி இருப்பதால். ஆனால் கோட்டைக்குள் சரிவுகளும் படிகளும் உண்டு. முட்டி வலி உள்ளவர்கள் நடைபாதையோடு நின்றுகொள்ளலாம்.

அட்வெஞ்சர் கோவ் நீர்ப்பூங்கா எப்படி?

நீச்சல் பயம் இல்லாதவர்களுக்கு மிக நன்று. சறுக்குகளைவிட இங்கே சிறப்பு, ஆயிரக்கணக்கான மீன்கள் உள்ள குளத்தில் மூச்சுக்குழாயோடு மிதந்து போவதுதான். சேலையோடும் சுடிதாரோடும் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். நீச்சலுக்குரிய உடை வேண்டும். உடல் முழுவதையும் மறைக்கும் நீச்சல் உடைகள் ஏற்கப்படும், அவற்றை முன்கூட்டியே வாங்கி வருவது சிக்கனம்.

கேபிள் காருக்குப் பணம் கொடுப்பது தகுமா?

1974இல் தொடங்கிய கேபிள் கார் தடம், சிங்கப்பூரின் முதன்மைத் தீவிலுள்ள ஃபேபர் மலையிலிருந்து கிளம்பி, துறைமுகத்தையொட்டிய கோபுரத்துக்குள் புகுந்து, கடலுக்கு மேலாகத் தீவை அடைகிறது. கப்பல்களுக்கு மேல் மிதந்து போகும் அந்தச் சில நிமிடங்கள் அருமையானவை என்பதில் ஐயமில்லை. தீவுக்குள்ளேயே ஓடும் இரண்டாவது தடம் 2015இல் சேர்க்கப்பட்டது. அது வேறு தடம், இரண்டுக்கும் இடையே சற்று நடக்க வேண்டும். ஒரே பயணமாக நினைத்துச் சீட்டு வாங்கிவிட்டுப் பாதியில் இறக்கிவிட்டார்கள் என்று குழம்புபவர்கள் பலர். ஒன்றுதான் வேண்டுமென்றால் ஃபேபர் மலைத் தடத்தை எடுங்கள். கடல் அதில்தான் இருக்கிறது. பகலின் கடைசி வெளிச்சத்தில் போனால் காட்சி நன்றாக இருக்கும்.

லூஜ், ஸ்கைஹீலிக்ஸ், பஞ்சி போன்றவற்றில் எது?

லூஜ். மூன்று சக்கரத் தாழ்வண்டியில் உட்கார்ந்து, இயந்திரமில்லாமல் சரிவில் இறங்கி, நாற்காலித் தூக்கியில் மறுபடி மேலே வருவது. பாட்டியும் பேரனும் ஒரே மாதிரி சிரிப்பார்கள். ஒரு முறை போனவர் மறுபடி கேட்காமல் இருப்பது அரிது என்பதால், ஒற்றைச் சுற்றுக்குப் பதில் பல சுற்றுகளுக்கான சீட்டை முதலிலேயே வாங்குவது லாபம்.

ஸ்கைஹீலிக்ஸ் என்பது சுழன்றபடி மெதுவாக மேலேறும் திறந்த இருக்கை வளையம். கடல் மட்டத்திலிருந்து 79 மீட்டர் உயரம் வரை போகும், சுமார் பன்னிரண்டு நிமிடம். காற்று வாங்க நல்லது. ஆனால் கேபிள் காரில் ஏறியவர்களுக்கு இது இரண்டாவது முறை அதே காட்சி. சிலோசோவில் உள்ள பஞ்சி தாவலும் (காலில் கயிறு கட்டி உயரத்திலிருந்து குதிப்பது), இம்பியாவிலிருந்து கடற்கரை நோக்கிக் கம்பியில் சறுக்கிப் போவதும் துணிவுள்ளவர்களுக்கு. கீழே நின்று பார்ப்பதற்குக் கட்டணமில்லை. அதுவும் நல்ல பொழுதுபோக்குதான்.

மெழுகுச் சிலைக் காட்சி, மாயத் தோற்ற ஓவியங்கள் போன்றவை உலகின் பல நகரங்களிலும் கிடைப்பவை. செந்தோசாவுக்கு வந்து அவற்றுக்கு நேரம் செலவிட வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள்.

இரவுக் காட்சி பார்க்கலாமா?

கடற்கரையில் நடக்கும் விங்ஸ் ஆஃப் டைம் 2014இல் தொடங்கியது. நீர்த்திரை, லேசர், தீ, வாணவேடிக்கை சேர்ந்த இருபது நிமிடக் காட்சி. கதை மெல்லியது, ஒளி அழகானது. தீவின் பெரிய சீட்டுகளோடு ஒப்பிட்டால் விலை குறைவு என்பதால், இரவு வரை தங்குபவர்கள் பார்க்கலாம். வாணவேடிக்கை மட்டும் போதும் என்றால் அரங்குக்கு வெளியே மணலில் உட்கார்ந்தாலே தெரியும்.

சூதாட்டக்கூடத்துக்குள் இலவசமாகப் போகலாமா?

வெளிநாட்டவர்கள் கடவுச்சீட்டைக் காட்டி இலவசமாக நுழையலாம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளுக்கு 150 வெள்ளி நுழைவு வரி கட்ட வேண்டும். தன் மக்கள் உள்ளே போகாமலிருக்க ஓர் அரசு இவ்வளவு வரி போட்டிருப்பதிலிருந்தே, இந்த இலவசம் எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

பல கேளிக்கைகளை ஒன்றாகச் சேர்த்த சீட்டு வாங்கினால் லாபமா?

யுனிவர்சல், ஓஷனேரியம், நீர்ப்பூங்கா, சூதாட்டக்கூடம் ஆகியவை ரிசார்ட்ஸ் வேர்ல்டு நிறுவனத்தின் கையில் இருப்பவை. லூஜ், கேபிள் கார், கடற்கரைக் கேளிக்கைகள் போன்றவை வேறு நிறுவனங்களுடையவை. எனவே ‘செந்தோசா முழுவதற்கும்’ என்று விளம்பரம் செய்யப்படும் கூட்டுச்சீட்டில் பெரிய பூங்காக்கள் இல்லாமல் போகலாம். என்னென்ன அடங்கும் என்ற பட்டியலைப் படித்து, நீங்கள் உண்மையிலேயே போகப்போவதை மட்டும் தனித்தனி விலையில் கூட்டிப் பார்த்து ஒப்பிடுங்கள். மூன்றுக்கு மேல் போகாதவர்களுக்குக் கூட்டுச்சீட்டால் பெரும்பாலும் அவசரம்தான் மிஞ்சும்: காசு கொடுத்தாயிற்றே என்று விருப்பமில்லாத இடத்துக்கும் ஓட வேண்டியிருக்கும்.

மழை வந்தால் என்ன செய்வது?

நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் ஆண்டு முழுவதும் மழைக்கு வாய்ப்புண்டு. நவம்பரிலிருந்து ஜனவரி வரை கூடுதல். பல நாள்களில் பிற்பகலில் இடியோடு கொட்டி ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மழையைவிட மின்னல்தான் தொல்லை. மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளிக் கேளிக்கைகள், கோஸ்டர்கள், நீச்சல் எல்லாம் நிறுத்தப்படும். அதற்காகப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே திறந்தவெளியில் உள்ளவற்றைக் காலையிலும், கூரைக்குக் கீழ் உள்ளவற்றைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்வதே தீவின் வானிலைக்கு ஏற்ற ஒழுங்கு.

சாப்பாட்டுச் செலவைக் குறைக்க முடியுமா?

முடியும். தீவுக்குள் நுழைவதற்கு முன் விவோசிட்டியிலேயே உணவங்காடியும் பேரங்காடியும் இருக்கின்றன. அங்கே சாப்பிட்டுவிட்டு, நொறுக்குத் தீனியும் வாங்கிக்கொள்ளுங்கள். தீவிலுள்ள உணவகங்களின் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அதன் மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேரும் என்று பொருள். 100 வெள்ளிச் சாப்பாடு ஏறத்தாழ 120 வெள்ளியாகிவிடும். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம் என்பதால் வெறும் பாட்டிலோடு வந்து நிரப்பிக்கொள்வது போதும். சைவ உணவு தீவில் கிடைக்கும், ஆனால் தேட வேண்டும். லிட்டில் இந்தியாவில் காலை இட்லி சாப்பிட்டுவிட்டுப் பொட்டலமும் கட்டிக்கொண்டு வருபவர்கள் கடற்கரையில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கேளிக்கைப் பூங்காக்களுக்குள் மட்டும் வெளி உணவுக்குக் கட்டுப்பாடு உண்டு.

எதையெல்லாம் கொண்டுவரக் கூடாது?

மின்சிகரெட் சிங்கப்பூருக்குள்ளேயே சட்டவிரோதம். பயணப் பையில் வைத்திருந்தாலும் குற்றம். இரவு 10.30 மணியிலிருந்து காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தத் தடை உண்டு. உரிமம் பெற்ற உணவகங்களுக்கும் மதுக்கூடங்களுக்கும் அது பொருந்தாது.

ஒரே நாளில் பார்க்க எப்படித் திட்டமிடுவது?

முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: பூங்கா நாளா, தீவு நாளா? யுனிவர்சலை எடுத்தால் பகல் முழுவதும் அதற்கே. மாலையில் சென்சரிஸ்கேப் வழியாகக் கடற்கரைக்கு இறங்கி, சற்று நேரம் மணலில் இருந்துவிட்டுத் திரும்பலாம். அதோடு வேறெதையும் சேர்க்க வேண்டாம்.

தீவு நாள் என்றால் காலை ஒன்பது, பத்து மணிக்குள் சிலோசோ வான்நடைபாதையும் கோட்டையும். அங்கிருந்து இறங்கி இம்பியாவில் லூஜ். நண்பகல் வெயிலில் ஓஷனேரியம் அல்லது விவோசிட்டிக்குத் திரும்பி உணவும் ஓய்வும். மாலை நான்கரை மணிக்கு மேல் கடற்கரைக் குளியல். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியையொட்டியே சூரியன் மறையும் என்பதால், ஆறரைக்குச் சிலோசோ கரையில் இடம் பிடித்தால் போதும். இந்தத் திட்டத்தில் பணம் கொடுப்பது லூஜுக்கும், விரும்பினால் ஓஷனேரியத்துக்கும் மட்டுமே.

இரவு எத்தனை மணி வரை திரும்பலாம்?

செந்தோசா எக்ஸ்பிரஸ் நள்ளிரவு வரை ஓடுகிறது. ஆனால் ஹார்பர்ஃபிரண்டிலிருந்து நகருக்குள் போகும் கடைசி எம்ஆர்டி ரயிலும் நள்ளிரவையொட்டியே புறப்பட்டுவிடும். நிலையத்தில் எழுதியிருக்கும் அதன் நேரத்தை வரும்போதே பார்த்துக்கொண்டு, அதற்கு அரை மணி முன்னதாகக் கடற்கரை நிலையத்தில் ரயில் ஏறுங்கள். இரவுக் காட்சி முடிந்த உடனே அந்த நிலையத்தில் பெரும் வரிசை நிற்கும். இருபது நிமிடம் மணலிலேயே இருந்துவிட்டு வந்தால் உட்கார்ந்து போக இடம் கிடைக்கும்.